போணிக்கு முன்னால் விலை கேட்ட வகுப்பு

காஞ்சிபுரம்,
7-9-68

சிரஞ்சீவி ஆதிகேசவனுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. பிலாயில் நீயும் மருமகள் ஏலவார்குழலியும் குழந்தை பெரியநாயகியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் நலம், வீடு நலம், கூரை ஒழுகுவதும் வழக்கம்போல நலம். உன் அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு மாதமாக அப்படி எழுத முடியாமல் இருந்தது, உன் கடிதத்துக்குப் பதில் தாமதமானது அதனால்தான். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, பயப்படாமல் படி.

குழந்தையிடம் பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துச் சர்க்கரையும் பருப்பும் சோப்பும் வாங்கி வரச் சொன்னதாகவும், கடைக்காரன் கொடுத்த மீதியை எண்ணிக்கூடப் பார்க்காமல் கையில் மூடிக்கொண்டு வந்துவிட்டதாகவும், ஏறக்குறைய எவ்வளவு ஆகியிருக்கும் என்று கேட்டால் நூறு ரூபாய் என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது தெரிந்த பழமொழிதான், அது பேத்தி வரைக்கும் போகும் என்று யாரும் சொல்லவில்லை. அதற்காகக் குழந்தையைத் திட்டியிருக்கிறாய், அது தப்பு. அப்பா எனக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார், கேட்டு எழுது என்றும் கேட்டிருக்கிறாய். இதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அவரா உனக்குக் கற்றுக்கொடுத்தார்? உன்னை நான் கடைக்கு அனுப்புவேன், நீ மீதிக் காசில் பொரி உருண்டை வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாய். எவ்வளவு தின்றால் அம்மாவுக்குத் தெரியாது என்று போட்டாயே, அந்தக் கணக்கில்தான் உனக்குக் குத்துமதிப்பு வந்தது. உன் அப்பா கற்றுக்கொடுத்த கதை வேறு, அது போன மாதம்தான் நடந்தது, சொல்கிறேன் கேள்.

கோடை விடுமுறையில் வாத்தியார்களுக்கு ஒரு வாரம் பயிற்சி வைத்தார்கள். பிள்ளைகள் கணக்கைச் சரியாகப் போட்டால் போதாது, போடுவதற்கு முன்பே ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று சொல்லத் தெரிய வேண்டும், நாற்பத்தெட்டு பைசா என்றால் ஐம்பதாக வைத்துக்கொள், நாற்பத்திரண்டு என்றால் நாற்பதாக வைத்துக்கொள், இப்படியே எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டிவிட்டால் எந்தக் கடைக்காரனும் ஏமாற்ற முடியாது என்று அங்கே யாரோ பேசியிருக்கிறார். இதில் என்ன அதிசயம், நான் தினமும் மார்க்கெட்டில் செய்கிற குத்துமதிப்புதானே என்றேன். நீ செய்வது பழக்கம், இது பாடம் என்றார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே ரோதனை. புளி எடுத்தால் பக்கத்தில் வந்து நின்று உத்தேசமாக எவ்வளவு இருக்கும் என்பார், விறகை அடுப்பில் வைத்தால் உத்தேசமாக எவ்வளவு நேரம் எரியும் என்பார். ஒரு நாள் பசி தாங்காமல் உத்தேசமாகச் சாப்பாடு எப்போது என்று கேட்டார், உத்தேசமாக நாளைக்கு என்றேன். அதற்குப் பிறகு என்னை விட்டுவிட்டுத் தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரையும், ஆளுக்கு ஒரு சிலேட்டோடு, மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும் என்று விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிட்டார்கள். தெருவில் தறிக்காகப் பாவு நூல் நீட்டிக் கட்டியிருந்ததன் கீழே இவர் குனிந்து நுழைந்து போனதைப் பார்த்தபோதே இது நல்லபடியாக முடியாது என்று நினைத்தேன். கடைக்காரர்கள் அப்போதுதான் சாக்கை விரித்துத் தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கும் போணி ஆகவில்லை. முதலில் வருகிற கிராக்கி விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் போனால் அன்றைக்கு முழுவதும் வியாபாரம் படுத்துவிடும் என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் வாங்க வந்தவன் கேட்டால்தான் போணி கெடும், படிக்க வந்தவன் கேட்டால் கெடாது என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். முப்பது பிள்ளைகளும் ஒவ்வொரு கடையாக நின்று, கத்தரிக்காய் என்ன விலை, வெங்காயம் என்ன விலை என்று கேட்டுச் சிலேட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்திருக்கிறார்கள், ஒரு பச்சை மிளகாய்கூட வாங்கவில்லை.

அதோடு விட்டாரா? கீரையும் கத்தரிக்காயும் விற்கிற எல்லம்மாளை உனக்கு ஞாபகம் இருக்கும், அவள் மகள் பொன்னி இவர் வகுப்பில்தான் படிக்கிறாள். எல்லம்மாள் கடையில் ஒரு அம்மாள் கத்தரிக்காய் கிலோ நாற்பத்திரண்டு பைசா என்று பேசி முடித்துப் பையை நீட்டுகிற நேரத்தில், இவர் பின்னால் நின்று நாற்பத்திரண்டை நாற்பது ஆக்கு என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அந்த அம்மாள் பையை இழுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து சாரே நாப்பதுன்றாரு, நீ இன்னா நாப்பத்திரெண்டுன்ற என்று சண்டை பிடித்துவிட்டு வாங்காமல் போய்விட்டாள். வெங்காயக்கடை தேவசகாயத்திடம் விலை நாற்பத்தெட்டு. அங்கே ஐம்பது ஆக்கு, ஐம்பது ஆக்கு என்று கத்தினார், வந்துகொண்டிருந்த இரண்டு பேர் வெங்காயம் ஏறிவிட்டது என்று நினைத்து அப்படியே திரும்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பிடித்த தூறல் மத்தியானம் வரைக்கும் விடவில்லை, மார்க்கெட்டில் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை. மழைக்கும் உன் அப்பாதான் காரணம் என்று ஆகிவிட்டது. சாயங்காலம் தேவசகாயம் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போய் ஜெபம் செய்கிறவன், ஆனால் போணி விஷயத்தில் மட்டும் எல்லா மதமும் ஒரே மதம்தான். சார், நீங்க பெரியவங்க, உங்கள ஒண்ணும் சொல்லல, ஆனா போணிய கெடுக்கறதுதான் படிப்புன்னா எங்க புள்ளைங்களுக்கு அது வேணாம், நாங்க அனுப்பறதா இல்ல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மன்னிப்புக் கேட்க உன் அப்பா வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது.

மறுநாள் வகுப்பில் பாதித் தரை வெறும் தரை. நாலு நாள் போனால் கோபம் ஆறிவிடும் என்று நானும் நினைத்தேன், ஆறவில்லை. இங்கேதான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போனது. மூன்றாம் வகுப்பில் இரண்டு பிரிவு எதற்கு, தலை குறைந்தால் ஒன்றை எடுத்துவிடலாம் என்று ஏற்கெனவே மேலிடத்தில் பேச்சு இருந்தது, மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து தலையை எண்ணப்போகிறார். எடுத்துவிட்டால் உன் அப்பாவை மதுராந்தகத்துக்கு அப்பால் எங்கேயாவது ஒரு கிராமத்தில் தூக்கிப் போடுவார்கள். ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போது, இந்த மூச்சு இழுப்பை வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் தினமும் போய்வர முடியுமா? அங்கேயே தனியாக அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரத்தைத் தீய்க்கிற மனிதர் தானே சமைத்துச் சாப்பிட்டு எத்தனை நாள் இருப்பார்? நீ பிலாய்க்குப் போன பிறகு இந்த வீட்டில் மிச்சம் இருப்பது அவர் இருமல் சத்தம் ஒன்றுதான், அதுவும் போய்விட்டால் நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவர் சரியாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார், உத்தேசமாக என்ற வார்த்தையே வீட்டில் கேட்கவில்லை. சொன்னால் நம்பமாட்டாய், எனக்கு அந்தத் தொல்லை இல்லாமல் வீடு கடித்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் கீரை வாங்க எல்லம்மாளிடம் போனேன். கொஞ்சம் அப்பிடி ஒதுங்கி நில்லும்மா, மொதல்ல யார்னா வாங்கட்டும், அப்பறமா நீ வாங்கு என்றாள். எத்தனை வருஷத்து வாடிக்கை, நான் கொடுக்கிற காசில் இப்போது தீட்டு வந்துவிட்டதாம். எனக்கு வந்த கோபத்தில் கீரைக்கட்டை எடுத்து அவள் தலையிலேயே வைத்திருப்பேன், ஆனால் பக்கத்தில் பொன்னி உட்கார்ந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள், அவள் சிலேட்டைக் குப்புறப் போட்டு அதன்மேல் எலுமிச்சம்பழம் அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் தூண் ஓரமாகப் போய் நின்றேன். அப்போது ஒரு கிழவர் வந்தார். விலை கேட்கவில்லை. பத்துப் பைசாவை நீட்டி, பத்து காசுக்குக் கீர குடும்மா என்றார், எல்லம்மாள் அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சட்டென்று எனக்குப் புரிந்தது. இவர்களுக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை, போணி. கெடுத்த பிள்ளைகளே போய்ப் போணி செய்தால் என்ன?

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். பிள்ளைகளை மறுபடியும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆளுக்குப் பத்துப் பைசா கொடுங்கள், ஒருத்தரும் விலை கேட்கக்கூடாது, இந்தக் காசுக்கு எவ்வளவு வரும் என்று பொருளைக் கண்ணால் பார்த்தே உங்களிடம் சொல்ல வேண்டும், பிறகு காசை நீட்டி வாங்க வேண்டும் என்றேன். இது பயிற்சியில் சொல்லவில்லையே என்றார். பயிற்சியில் சொன்னதைச் செய்துதானே இந்த அழகில் இருக்கிறோம் என்றேன். சில்லறைக்கு எங்கே போவது என்றார், நான் தருகிறேன் என்றேன். நாளும் நானே பார்த்தேன். தினசரிக் காலண்டரைப் புரட்டி, நல்ல முகூர்த்தம் ஒன்றுக்கு முந்தின நாளாகத் தேர்ந்தெடுத்தேன். கலியாண வீட்டுக்காரர்கள் எல்லாரும் காய் வாங்க வருகிற நாள், கழுதை வந்து போணி செய்தாலும் வியாபாரம் நடக்கும். இதை உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை.

வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பதினாலு பிள்ளைகள்தான் போனார்கள், நானும் பையை எடுத்துக்கொண்டு எதற்கோ போகிறவள் மாதிரி பின்னால் போனேன். முதலில் எல்லம்மாள் கடை. வரிசையில் முதல் ஆள் கலியன், நெசவுக்காரர் வீட்டுப் பையன், மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். எத்தனை கட்டு வரும் என்று உன் அப்பா கேட்டதற்கு இரண்டு என்றான். அப்புறம் காசை நீட்டினான். எல்லம்மாள் உன் அப்பாவைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. சுற்றி இருந்த கடைக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வாங்கிக்கொள்ளடி மகராசி, இல்லாவிட்டால் என் குடித்தனம் மதுராந்தகத்தில் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்தப் பிள்ளை மூக்கை உறிஞ்சினான், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசை வாங்கித் தராசைச் சுற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போணி செய்த பிள்ளை என்று மூன்று கட்டாகக் கையில் வைத்தாள். அடுத்த பெண்ணுக்குக் கத்தரிக்காயை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். பிள்ளைகள் சொன்ன மதிப்பெல்லாம் தப்பாகப் போகிறதே என்று உன் அப்பாவுக்கு அங்கேயும் கவலை, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

அப்போது பொன்னி எழுந்து நின்றாள். யம்மா, இன்னா அள்ளி அள்ளி குடுக்கற, பத்து காசுக்கு ரெண்டு கட்டுதான் வரும், அவனுக்கு மூணு குடுத்துட்ட, அவளுக்குப் பதினஞ்சு காசு கத்திரிக்கா போட்டுட்ட, இப்பிடியே பதினாலு பேருக்கும் குடுத்தின்னா முக்கா ரூவா கிட்ட போயிடும் என்று மார்க்கெட்டே கேட்கிற மாதிரி கத்தினாள். உன் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தலைக்கு அஞ்சு பைசா, எழுபது, எழுபதை முக்கால் ரூபாய் ஆக்கிவிட்டாள் என்று குதிக்காத குறை. எல்லம்மாளுக்கு மானம் போய்விட்டது. ஏய், எழுந்து போய் அந்த வரிசையில நில்லு, நீ இங்க குந்திக்கினு இருந்தா நான் யாவாரம் பண்ண முடியாது, சார், இவள இட்டுக்கினு போங்க, எனக்கே வாத்தியாரா வந்துக்கினு இருக்குறா என்றாள். பொன்னி சிலேட்டை உருவினாள், எலுமிச்சம்பழம் எல்லாம் உருண்டு தெருவுக்கு ஓடியது. பதினாலு பிள்ளைகளும் துரத்திப் பொறுக்கினார்கள். தேவசகாயம் தன் கடையிலிருந்து, இங்கயும் ஒரு நாலு பேர அனுப்புங்க சார், அந்த மூக்கு ஒழுகற புள்ளையா பாத்து அனுப்புங்க என்று கூப்பிட்டான். அன்றைக்கு மத்தியானத்துக்குள் எல்லாக் கடையும் காலி. எல்லாம் கலியனின் கைராசியாம். கைராசியாவது மண்ணாங்கட்டியாவது, காலண்டரைப் பார்த்தவள் நான், ஆனால் இதை நீ யாருக்கும் எழுதித் தொலைக்காதே.

அடுத்த திங்கட்கிழமையே பிள்ளைகள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார், தலையை எண்ணினார், வாங்கி வைத்திருந்த வடையைத் தின்றார். பொன்னியை எழுப்பி அரை ரூபாய்க்கு எத்தனை கட்டுக் கீரை வரும் என்று கேட்டாராம். காலையிலயா சாயங்காலமா சார், வாடிப்போச்சின்னா இன்னும் ரெண்டு சேத்துக் குடுப்போம் என்றாளாம். இரண்டு பிரிவும் இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார். உன் அப்பா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாக இருமுகிறார், இந்தக் கடிதம் உத்தேசமாக எத்தனை பக்கம் வரும் என்று இப்போதுகூட எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போகிறார்.

ஆகவே குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பத்து ரூபாய் நோட்டைக் கொடுக்காதே, அது அவளுக்குக் காகிதம். கையில் ஒரு நாலணாவைக் கொடுத்து, இதற்கு என்ன வரும், எவ்வளவு வரும் என்று கிளம்புவதற்கு முன் அவள் வாயாலேயே சொல்லச் சொல்லு, பிறகு தனியாகப் போகவிடு. தப்பாகச் சொன்னால் சிரிக்காதே. மீதிக் காசில் கொஞ்சம் மிட்டாய் தின்றுவிட்டு வந்தால் கண்டுகொள்ளாதே, தின்னத் தெரியாத குழந்தைக்குக் கணக்கு வராது. கடை திறந்ததும் முதல் ஆளாக மட்டும் அனுப்பாதே, அந்த ஊர்க்காரனுக்கும் போணி இருக்கும்.

இன்னும் ஒன்று, இதை மருமகளுக்குப் படித்துக் காட்டாதே, தெய்வக் குற்றம் என்று பயந்துவிடுவாள். நான் கொடுத்த சில்லறையைச் சீட்டுக் காசு என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அது சீட்டுக் காசு இல்லை. நீ பிலாய்க்கு ரயில் ஏறிய நாளிலிருந்து, உனக்கு மெட்ராஸ் பக்கம் ஒரு வேலை கிடைத்து நீ இங்கே வந்துவிட வேண்டும் என்று மாதாமாதம் திருப்பதிப் பெருமாளுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காணிக்கை. தன் கலியாணக் கடனுக்கே இன்னும் குபேரனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவருக்கு ஒரு வாத்தியார் பெண்டாட்டியின் கஷ்டம் தெரியாதா, கோபித்துக்கொள்ள மாட்டார். இப்படி விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, முடிச்சை அவிழ்ப்பதற்குள் மூன்று தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டேனடா. உன்னை வரவழைக்க வைத்திருந்ததைக் கொடுத்துத்தான் உன் அப்பாவை இங்கே நிறுத்திக்கொண்டேன். துணி காலியாக இருக்கிறது. இனிமேல் உன்னைக் கொண்டுவந்து சேர் என்று பெருமாளைக் கேட்க எனக்கு முகம் இல்லை, அதனால் உன்னையே கேட்கிறேன். வேலை கிடைக்கிறபோது கிடைக்கட்டும், பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டு மூன்று பேரும் வாருங்கள்.

நீயும் மருமகளும் குழந்தையும் குறை ஒன்றும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். குளிர் ஆரம்பிப்பதற்குள் குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிவிடு, எவ்வளவு ஆகும் என்று அவளையே சொல்லச் சொல்லு.

உன் அம்மா,
ரேணுகாம்பாள்